எஞ்சின் ஆறும்வரை

அண்ணன் டயரை உதைத்தார். அந்தக் குடும்பத்தில் சக்கரம் உள்ள எதை வாங்கினாலும் முதலில் அண்ணன் வந்து உதைத்தாக வேண்டும். சக்கரம் இல்லாததை விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பார். ஸ்கூட்டர், ஃப்ரிட்ஜ், இரும்பு பீரோ எல்லாம் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன. ஸ்கூட்டர் நாலு மாதத்தில் படுத்துவிட்டது. ஃப்ரிட்ஜ் மட்டும் இன்றுவரை குறையில்லாமல் உழைக்கிறது, அதில் போர்வைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கவும் அண்ணன்தான் முதலில் போனார். உதைத்தாரா, தட்டினாரா என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து, "கண்டிஷன் நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த மாப்பிள்ளை இப்போது டிராக்டரின் இன்னொரு பக்கத்தில், மனைவியின் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மச்சான் உதைத்த டயரை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"செகண்ட் ஹேண்ட்ல இந்த மாதிரி கண்டிஷன் கிடைக்காது மாப்ள" என்றார் அண்ணன். டிராக்டர் என்ற ஒன்றை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"அதுவும் சரிதான் மச்சான்" என்றார் கணவர். அவர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக ஒரே நாற்காலியில் இருப்பதற்கு இந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

வாங்க வந்தவள் அந்தத் தங்கைதான், மூன்றடி தள்ளி நின்றாள். தையல்காரி. பன்னிரண்டு வருடம் பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே ரெண்டரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மூன்று வருடமாகத் தக்காளி போடுகிறாள். குத்தகை அவள் பேரில், நாற்று அவள் கையில், உழவு மட்டும் வாடகை டிராக்டர்காரன் மனதில். போன தடவை அவன் ஒன்பது நாள் பிந்தி வந்தான். வந்தவன் அந்தப் பெரிய வண்டியைத் திருப்ப இடமில்லாமல் சொட்டுநீர்க் குழாய்களை நசுக்கினான், நாலு மூலையையும் உழாமல் விட்டான், "மூலையெல்லாம் யாரு பார்க்கப் போறா" என்று கேட்டுவிட்டுப் போனான். இந்தத் தடவை கேட்டதற்கு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றிருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் தட்டுகளில் நாலாயிரம் நாற்று நிற்கிறது. இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது. இன்னும் ஐந்து நாளைக்குள் மண்ணுக்குப் போகாவிட்டால் அது நாற்று இல்லை, வெறும் கீரைக்கட்டு. வரிசைக்கு நடுவே நுழைகிற மாதிரி ஒரு சின்ன டிராக்டர் சொந்தமாக இருந்தால் எவன் முகத்தையும் பார்க்க வேண்டாம். அதற்காகத்தான் இன்று இந்த முகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியின் சொந்தக்காரர் ஆறடிக்கும் மேலே இருந்தார். தையல்காரி மனதுக்குள் அவருக்கு நெட்டையர் என்று பேர் வைத்துவிட்டாள். சலவைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு பேனா, கையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. அவர் தரையில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருகினார். ஒரே தட்டு. எஞ்சின் சிணுங்காமல் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா சார்? ஒரே தட்டு!"

"ஒரே தட்டு மாப்ள!" என்று அண்ணன் மொழிபெயர்த்தார்.

நெட்டையர் கணவரைப் பார்த்து, "சாருக்கு எத்தனை ஏக்கர்?" என்றார். கணவர் மனைவியைப் பார்த்தார். "ரெண்டரை" என்றாள் அவள். "ரெண்டரைக்கு இது தாராளம் சார்" என்று நெட்டையர் கணவரிடமே பதில் சொன்னார். "எதுக்குக் குடுக்கிறீங்க?" என்று அவள் கேட்டாள். "பெரிய வண்டி வருது சார்" என்றார் கணவரிடம். "டிரைவர் வச்சுக்கப் போறேன்" என்றார் அண்ணனிடம். இப்படிக் கேள்விகள் ஒரு பக்கமிருந்து போய், பதில்கள் இன்னொரு பக்கம் இறங்கின. கணவர் இரண்டுக்கும் நடுவே நின்று தபால் பெட்டி மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். எதையும் யாருக்கும் பட்டுவாடா செய்யவில்லை.

அண்ணன் விசாரணையைத் தொடங்கினார். "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்டார். டிராக்டருக்குக் கணக்கு மணியில், மைலில் இல்லை என்று சொல்லிக் கொடுக்க நெட்டையருக்கு மனம் வரவில்லையோ, அவருக்கே தெரியாதோ, "நல்லாவே குடுக்கும் சார்" என்றார். "ஏசி ஃபிட் பண்ணிக்கலாமா?" கூரையே இல்லாத வண்டி அது. "பண்ணிக்கலாம் சார், ஆனா யாரும் பண்றதில்ல." இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள். தெரியாதவனும் தெரியாதவனும் சந்தித்துக்கொண்டால் இவ்வளவு அறிவு உற்பத்தியாகும் என்று தையல்காரி எதிர்பார்க்கவில்லை.

நெட்டையர் எஞ்சினை நிறுத்தி, மறுபடி ஒரே தட்டில் எடுத்துக் காட்டி, மறுபடி நிறுத்தினார். அவள் முன்னால் போய் பானெட்டைத் தூக்கி, உள்ளே எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். நல்ல சூடு. ரெண்டு நிமிடம் ஓடிய சூடு இல்லை இது. விடிந்ததிலிருந்து ஓடிய சூடு. அவளுக்கு டிராக்டர் தெரியாதுதான், ஆனால் மெஷின் விற்பவர்களைத் தெரியும். பன்னிரண்டு வருடத்தில் ஏழு பழைய தையல் மெஷின் வாங்கியிருக்கிறாள். விற்கிறவன் ஆள் வருவதற்கு முன்னால் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் மிதித்து வைத்திருப்பான். பார்க்கும்போது பட்டுப்போல ஓடும். வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலையில் உட்கார்ந்தால் இறுகிப்போய்க் கட்டைபோல நிற்கும். எந்த மெஷினையும் அது தூங்கி எழும்போது பார்க்க வேண்டும், மனிதர்களையும்தான்.

"ஏன் சூடா இருக்கு?" என்றாள்.

"எஞ்சின்னா சூடாத்தான்மா இருக்கும்" என்று அண்ணன் சிரித்தார்.

"ஓடினாத்தானே அண்ணா சூடாகும். நாம வந்தபோது நின்னுட்டுல்ல இருந்துச்சு?"

நெட்டையர் கணவரிடம், "வெயில்ல நின்னுச்சு சார், அதான்" என்றார்.

தையல்காரி தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து மேகம் ஈரத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கணவரும் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் நெட்டையரும் பார்த்தார். நாலு பேரும் கொஞ்ச நேரம் வராத வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆறட்டும்" என்றாள் அவள். "ஆறினப்புறம் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. நான் இருக்கேன்."

"அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்!"

"பரவால்ல."

நெட்டையர் கணவரின் காதருகே குனிந்தார். "வீட்ல நீங்க சொன்னா கேக்க மாட்டாங்களா சார்?"

கணவர் யோசித்தார். "சொல்லிப் பார்த்ததில்ல" என்றார்.

இரண்டு நாற்காலி வந்தது. ஒன்றில் அண்ணன் உட்கார்ந்தார், இன்னொன்றில் கணவர். அவளுக்கு நாற்காலி தேவைப்படும் என்று அந்த முற்றத்தில் ஒருவருக்கும் தோன்றாததால் அவள் டிராக்டர் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். நெட்டையரின் முகம் மாறியது. சலூன் நாற்காலியில் ஆடு ஏறி உட்கார்ந்த மாதிரி பார்த்தார். ஒரு எஞ்சின் ஆறுவதைக் காத்திருந்து பார்த்தவர்கள் உலகத்தில் குறைவு. அதில் பார்க்க ஒன்றுமில்லை. உள்ளே எங்கோ இரும்பு 'டிக்' என்று ஒரு சத்தம் போடும், பிறகு வெகுநேரம் போடாது. அவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிப் போய், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வந்து ஏறிக்கொண்டாள். அண்ணன் கைபேசியில் 'டிராக்டர் ஏன் சூடாகிறது' என்று ஒரு வீடியோவைத் தேடிச் சத்தமாக ஓடவிட்டார். அதில் பேசினவனுக்கும் தெரியவில்லை. கணவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், திறந்தார். நெட்டையர் இரண்டு தடவை உள்ளே போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரம் குறைந்து வந்த மாதிரி இருந்தது.

உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. அவள் ஐந்தடிக்காரி. பஸ்ஸில், ஆபீஸ் நாற்காலியில், டாக்டர் வீட்டு பெஞ்சில், எங்கே உட்கார்ந்தாலும் கால் தொங்கும். இங்கே கால் தொங்கவில்லை. கிளட்ச் சரியாகப் பாதத்துக்குக் கீழே இருந்தது. குனிந்து பார்த்தாள். சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, அங்கேயே துருப்பிடிக்க விட்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் பழைய துணியில் தைத்த ஒரு தலையணை, கயிற்றால் கட்டியிருந்தது. தையலைப் பார்த்தாள். கைத்தையல், நெருக்கம், ஆனால் கோணல். இந்தச் சீட்டில் நெட்டையர் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும்.

பதினொன்றே முக்காலுக்கு எஞ்சின் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. "இப்ப எடுங்க" என்றாள் இறங்கி.

நெட்டையர் தரையில் நின்றபடியே சாவியைத் திருகினார். கர்ர்ர் என்றது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். கர்ர்ர். மூன்றாவது தடவை அந்தச் சத்தமே களைத்துப்போய் வந்தது. "காலையில நல்லாத்தானே இருந்துச்சு" என்று எஞ்சினிடம் முறையிட்டார். அண்ணன் எழுந்து வந்து, "தள்ளுங்க, நான் பார்க்கிறேன்" என்று அதே சாவியை அதே பக்கம் திருகினார். பிடிக்காததும், டயரை இன்னொரு உதை உதைத்தார்.

"போதும், பேட்டரி போயிடும்" என்றாள் தையல்காரி. நெட்டையரைப் பார்த்தாள். "இதை ஓட்டினது யாரு?"

"நான்தான்."

"சீட்ல ஒரு தடவை உக்காந்து காட்டுங்க."

நெட்டையர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஏறினார். ஒரு காலை உள்ளே விட்டார், அது ஸ்டியரிங்கில் இடித்தது. இன்னொரு காலை விட வழியில்லை. அண்ணன்கூட அதைப் பார்த்து, "ஏன் சார், இதுல நீங்க எப்படி..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். இத்தனை வருடத்தில் அண்ணன் ஒரு பொருளைப் பார்த்துத் தானாகக் கேட்ட முதல் சரியான கேள்வி அது, ஆனால் பழக்கமில்லாததால் முடிக்கத் தெரியவில்லை.

"வீட்லதான் ஓட்டுவா" என்றார் நெட்டையர், பாதி ஏறிய நிலையிலேயே. "காலையில அவதான் ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தா. நிறுத்திடாதீங்க, அப்புறம் உங்களால எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் போனா. நீங்க வர்றப்ப ஓடிட்டு இருந்தா நல்லா இருக்காதேன்னு நான்தான் நிறுத்தி வச்சேன்..."

அதாவது ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. வண்டியில் பெரிய நோய் இல்லை. சொந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரியாது என்பது தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். தையல்காரிக்குச் சப்பென்றாகிவிட்டது. ஒரு திருடன் கிடைத்தான் என்று ரெண்டு மணி நேரம் காத்திருந்தாள். திருடனாக இருந்தால் மதித்திருக்கலாம், திருட்டுக்கும் கொஞ்சம் தொழில் தெரிய வேண்டும்.

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

இப்போது அவர் முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பதில் சொன்னார். "ஆறு வருஷமா அவதான் ஓட்டுறா. ஆம்பளை சும்மா உக்காந்திருக்கான், பொம்பளை வண்டி ஓட்டுறான்னு நாலு பேர் பேசுறாங்க."

அவர் சும்மா உட்கார்ந்திருப்பது என்னவோ உண்மை. அவர் திருத்த நினைத்தது உட்கார்ந்திருப்பதை அல்ல, பேச்சை. பெரிய வண்டிக்குச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர் வந்துவிட்டால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே சும்மா உட்காரலாம், நாலு பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த நாலு பேரும் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தார்களோ தெரியவில்லை.

"அவங்களைக் கூப்பிடுங்க."

நெட்டையர் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "கை வேலையா இருக்கேன்" என்று பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடி கூப்பிட்டார். குரல்கூட வரவில்லை. "கொஞ்சம் கோபம்" என்று கணவரிடம் விளக்கினார். "அதுவும் சரிதான்" என்றார் கணவர்.

தையல்காரி தானே போனாள். பின்பக்கக் கொட்டகையில் ஒரு பெண்மணி பிளாஸ்டிக் பெட்டிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். இவள் வயதுதான் இருக்கும், இவள் உயரம்தான். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தாள், நகக்கண்ணில் கருப்பு எண்ணெய்.

"வண்டி ஸ்டார்ட் ஆகல."

"ஆகாது." நிமிரவில்லை. "யாரு வாங்குறது? டயரை உதைக்கிறாரே, அவரா? பையைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறவரா?"

"நான்."

வீட்டுக்காரம்மா இப்போது நிமிர்ந்தாள். தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை, காலிலிருந்து தலைவரை இன்னொன்று. "ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு வாங்குற? வாசல்ல நிறுத்தி அழகு பார்க்கவா?"

"கத்துக்குவேன்."

"யாருகிட்ட, உதைக்கிறவர்கிட்டயா?"

தையல்காரிக்குக் காது சுட்டது. காலையிலிருந்து மூன்று ஆண்களை என்ன பார்வை பார்த்துக்கொண்டிருந்தாளோ, அதே பார்வை. அளவு எடுத்துத் தைத்த மாதிரி அச்சாக அதுவே. வாங்கும் பக்கத்தில் நின்று பார்க்கும்போது அது இவ்வளவு உறுத்தும் என்று அவளுக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்க வாயில் நாலைந்து பதில் தயாராக இருந்தது. எல்லாமே நல்ல பதில்கள். ஆனால் எதைச் சொன்னாலும் வண்டி கிளம்பாது.

"நாலாயிரம் நாத்து இருக்கு" என்றாள். "தக்காளி. இருபத்தஞ்சு நாளாச்சு."

பெட்டி கழுவிய கை நின்றது. "முப்பதைத் தாண்டினா கழுத்து நீண்டுடும்."

"தெரியும்."

"மழையும் நாளைக்கோ நாளன்னைக்கோ வந்துடும்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சும் இன்னும் உழாம வச்சிருக்க." அனுதாபம் மாதிரி இல்லை, குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி முற்றத்துக்கு நடந்தாள். விற்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

முற்றத்தில் ஆண்கள் வழிவிட்டார்கள். வீட்டுக்காரம்மா ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தாள். தலையணையை ஒரு தட்டுத் தட்டினாள். சாவியை எதிர்ப்பக்கம் திருப்பி, குளிர்ந்த எஞ்சினுக்குள் சூடு ஏறும்வரை பிடித்தபடியே இருந்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. "ஹீட்டர்" என்று அண்ணன் யாருக்கும் கேட்காமல் சொன்னார், வீடியோவில் அந்த ஒரு வார்த்தை வந்திருந்தது. இருபதோ இருபத்தைந்தோ எண்ணியிருப்பாள். ஆக்சிலரேட்டரைப் பாதிவரை இழுத்தாள், சாவியை இந்தப் பக்கம் திருகினாள். ஒரு இருமல், ஒரு குலுக்கல், வெள்ளையாக ஒரு புகை, அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது. புகை நாலு மூச்சில் தெளிந்தது. நெட்டையர் தன்னையறியாமல் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். பின்னால் மாட்டியிருந்த சுழல் கத்திக் கலப்பை, ரோட்டவேட்டர், தரையைவிட்டு மெதுவாக எழும்பியது. வண்டி வீட்டு வாசல் கேட் பக்கம் திரும்பவில்லை, நிலத்துப் பக்கம் திரும்பியது.

"எங்க போற?" என்று நெட்டையர் கத்தினார்.

"காட்டுறேன்" என்று பதில் வந்தது. யாருக்கு என்று சொல்லவில்லை.

"ட்ரையல் காட்டுறாங்க" என்று நெட்டையர் விருந்தினர்களிடம் சமாளித்தார்.

எல்லோரும் வரப்புக்கு வந்தார்கள். நிலத்தின் இந்தக் கோடியில் ரோட்டவேட்டர் இறங்கியது, கத்திகள் மண்ணைக் கொத்திக் கிளற, வண்டி அந்தக் கோடிக்குப் போனது. முனையில் ரோட்டவேட்டர் எழுந்தது, திரும்பியது, இறங்கியது, வந்தது. மூலையில் ஒரு சாண் விடாமல் திரும்பினாள். "லிஃப்ட் கண்டிஷன் சூப்பர்" என்றார் அண்ணன். வண்டி இவர்கள் நின்ற முனைக்கு வந்து, இவர்களைப் பார்க்காமல் திரும்பி, மறுபடி போனது. மூன்று சுற்று, ஐந்து சுற்று. நெட்டையர் கையைக் காட்டினார். ஏழாவது சுற்றில் இரண்டு கையையும் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர் கையை ஆட்டுகிறார் என்று எஞ்சின் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"எவ்வளவு நேரம் ட்ரையல்?" என்று கணவர் கேட்டார்.

"ஆரம்பிச்சா முடிக்காம இறங்க மாட்டா."

"எவ்வளவு ஏக்கர்?"

"நாலு."

"நாலு ஏக்கர்!" என்று அண்ணன் விசில் அடித்தார். "மாப்ள, பேசாம வேற வண்டி பார்ப்போம். நான் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், பெயின்ட் புதுசு."

வேறு வண்டி என்றால் அண்ணன் போய் உதைக்க வேண்டும், கணவர் லீவு சொல்ல வேண்டும், நாலு நாள் போகும். நாலு நாளில் வாடகைக்காரன்கூட வந்துவிடுவான், மூலையை விட்டுவிட்டு உழுவான். தையல்காரி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. கோடு நூல் பிடித்த மாதிரி நேர். சுமை ஏறும்போது சத்தம் தடிக்கிறது, தடுமாறவில்லை. வண்டியில் குறையில்லை. குறையில்லாத வண்டியில் உட்கார்ந்திருப்பவளுக்கு இறங்கும் உத்தேசமும் இல்லை. அவளைக் கீழே இறக்க அந்த வரப்பில் நின்ற மூன்று ஆண்களில் ஒருவராலும் முடியாது. அவர்கள் அதற்குள் பெரிய வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

தையல்காரி செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டாள். புதிதாகக் கிளறிய மண் கணுக்கால் வரை உள்வாங்கியது, மேலே பொருபொருவென்று, அடியில் குளிர்ச்சியாக. "எங்கம்மா போற, சேறாயிடும்" என்றார் அண்ணன். கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு அடி எடுத்துவைத்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்து நின்றுவிட்டார். அவள் உழுத பகுதியைக் கடந்து, அடுத்த கோடு எங்கே வரும் என்று கண்ணால் அளந்து, வண்டியை மறித்துப் பேச அதன் நடுவில் போய் நின்றாள். அந்தக் கோடியில் வண்டி திரும்பியது. ரோட்டவேட்டர் இறங்கியது. நேராக வந்தது.

இருநூறு அடி. நூற்றைம்பது. ஸ்டியரிங்குக்கு மேலே வீட்டுக்காரம்மாவின் முகம் தெரிந்தது, அவள் பார்த்துவிட்டாள். பின்னால் யாரோ கத்தினார்கள், அண்ணனோ நெட்டையரோ. சத்தம் குறையவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் ஒரு இழைகூட ஆடாமல் வருவதைத் தையல்காரி கவனித்துக்கொண்டாள். கால்விரல்களை மண்ணுக்குள் இன்னும் கொஞ்சம் புதைத்துக்கொண்டாள்.